ஏழாம் நம்பர் கடையின் கொசுறு

ராசாங்கம் தர்மனுக்குத் தர வேண்டியது மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.

இந்தத் தொகையைத் தர்மன் எங்கும் எழுதி வைக்கவில்லை. காலையில் பல் விளக்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் மண்வெட்டியைக் கழுவும்போது ஒரு தடவை, நாளுக்கு இரண்டு வேளை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார். சொல்லிப் பார்த்தால் உடம்பு வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராசாங்கத்தின் கிணற்று மோட்டாரில் சுருள்கம்பி புகைந்துபோனது. பெரம்பலூரில் ரிப்பேர் பார்த்த கடைக்காரர் போட்ட பில் அது. ராசாங்கம் சட்டைப்பையையும் கைலி மடிப்பையும் மாறி மாறித் தடவிக்கொண்டு நின்றான். கூடப் போயிருந்த தர்மன் வெங்காயம் விற்ற காசை எடுத்து நீட்டினார்.

அந்த நிமிஷம் வரைக்கும் இரண்டு பேரும் சமம். ஒரே ஊர். சின்ன வயசில் ஒரே மேஸ்திரி பின்னால் வெங்காயம் பிடுங்கக் கூலிக்குப் போனவர்கள். இப்போது ஆளுக்கு ஒரு ஏக்கர் குத்தகைக் கொல்லை. ராசாங்கம் நாலு வயசு இளையவன், அவ்வளவுதான்.

பில்லைக் கட்டிய மறுநாளிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. எதிரில் தர்மன் வந்தால் ராசாங்கம் வண்டியை விட்டு இறங்கினான். மடித்துக் கட்டிய கைலியை அவிழ்த்து விட்டான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் பாதி டீயோடு எழுந்து இடம் கொடுத்தான். பஞ்சாயத்துத் தலைவருக்குக்கூட அவன் அப்படி எழுந்ததில்லை. இத்தனை மரியாதைக்கு மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் என்றால் சல்லிசான விலைதான் என்று தர்மனுக்குப் பட்டது.

ஆகவே அவர் காசைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

அவர் மனைவி வெற்றிச்செல்விக்கு இந்த மரியாதையில் பங்கு எதுவும் வரவில்லை.

"அந்தக் காசக் கேளுங்களேன். கொட்டாய்க்கு ஒரு தார்ப்பாயாவது வாங்குவோம்."

"கேட்டா அவன் மனசு கஷ்டப்படும்டி."

"கேக்காம இருக்கறதுல என் மனசுல்ல கஷ்டப்படுது."

"நீ பொம்பள. தாங்கிக்குவ."

அவள் களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அரும்பாவூரில் விவசாயிகள் சந்தை வந்தது. வேளாண்மை ஆபீசிலிருந்து கவிதா மேடம் ஊர் ஊராக ஜீப்பில் வந்து ஆள் சேர்த்தார். கமிஷன் மண்டிக்குப் போக வேண்டாம், புரோக்கர் கிடையாது, விளைய வைத்தவனே விற்கலாம், ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஆறிலிருந்து பதினொன்று வரை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு இருபது கடை பிரித்தார்கள். கடைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். தர்மனுக்கு ஏழாம் நம்பர் விழுந்தது. எட்டாம் நம்பர் ராசாங்கத்துக்கு விழுந்தது.

"நம்ம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலண்ணே," என்று ராசாங்கம் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"பயப்படாத. ஏவாரம்னா என்னன்னு என்னைப் பாத்துக் கத்துக்க," என்றார் தர்மன். அவரும் அதற்கு முன்னால் கடை வைத்ததில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ராசாங்கத்தின் கடை முன்னால் பதினொரு பேர் நின்றார்கள். தர்மனின் கடை முன்னால் ஒரு வெள்ளாடு நின்றது.

முதலில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுசுதானே, எவனோ ஒருவன் போய் நின்றிருப்பான், அவனைப் பார்த்து மற்றவர்கள் நின்றிருப்பார்கள். எட்டு மணிக்குப் பதினேழு பேர் ஆனார்கள். ஆடு போய்விட்டது.

தர்மன் எட்டிப் பார்த்தார். அதே சின்ன வெங்காயம். சொல்லப்போனால் ராசாங்கத்தின் வெங்காயத்தில் மண் ஒட்டியிருந்தது, தாள் சரியாக அறுக்கவில்லை. கொஞ்சம் தக்காளி, மல்லித்தழை, புதினா, கறிவேப்பிலை, பச்சைமிளகாய் குவித்து வைத்திருந்தான். தராசு வேறு ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது.

"என் வெங்காயத்தப் பாரு, பவுனு மாதிரி இருக்கு," என்று வெற்றிச்செல்வியிடம் முணுமுணுத்தார். "அந்த மண்ணாங்கட்டிய ஏன் இப்படி அள்ளிக்கிட்டுப் போறானுவ?"

"அவங்கவங்களுக்கு என்ன தேவையோ."

"எனக்கு மட்டும் தேவை இல்லையா?"

அப்போதுதான் அந்தப் பெரிய அடி விழுந்தது. ராசாங்கம் தராசைப் பிடித்தபடியே கழுத்தை மட்டும் திருப்பி, "டீ சாப்புடுறீங்களாண்ணே?" என்றான்.

எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டான்.

தர்மனுக்கு உள்ளே எங்கேயோ கரகரவென்று அரம் போட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. படுத்தால் பதினேழு பேரும் கூரையில் வரிசையாக நின்றார்கள். இந்த வேகத்தில் போனால் இரண்டு மாசத்தில் மூவாயிரத்து அறுநூற்று நாற்பதைக் கொண்டுவந்து நீட்டிவிடுவான். நீட்டினால் வாங்கித்தான் ஆகவேண்டும். வாங்கிய மறுநாள் அவன் வண்டியை விட்டு இறங்க மாட்டான். டீக்கடையில் இருவரும் ஒரே பெஞ்சில் தொடை இடிக்க உட்கார வேண்டியதுதான்.

ராசாங்கத்தின் கையில் காசு சேரக் கூடாது. அதற்கு அவன் வியாபாரம் படுக்க வேண்டும். தர்மன் முடிவு செய்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு முழுக்க அவர் விற்கவில்லை, வேவு பார்த்தார். பார்த்ததில் ஒன்று புரிந்தது. எட்டாம் நம்பரில் யாரும் காசே எடுக்கவில்லை. ராசாங்கம் நிறுத்துப் போடுகிறான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி மலர்க்கொடி நோட்டில் எழுதுகிறாள். வந்தவன் பையைத் தூக்கிக்கொண்டு, "வரேன் ராசாங்கம்," என்று போய்க்கொண்டே இருக்கிறான்.

"எல்லாம் போன்ல போட்டு விடறானுவ," என்றார் தர்மன். "அதான் கூட்டம். சில்லறைத் தொந்தரவு இல்ல. நாமதான் இன்னும் அஞ்சு ரூவாக் காசுக்கு மடியத் தடவிக்கிட்டு இருக்கோம்."

"அவங்க யாரும் போனையே எடுக்கலையே," என்றாள் வெற்றிச்செல்வி.

"வூட்டுக்குப் போயி அனுப்புவானுவ. படிச்சவன் செய்யறது உனக்கு என்ன தெரியும்?"

அந்த வாரமே பஸ் ஏறிப் போய், மகன் வயசுப் பையன் ஒருவனிடம் கைநாட்டு மாதிரிப் பத்து இடத்தில் கையெழுத்துப் போட்டு, கட்டம் கட்டமாய்க் கறுப்புப் புள்ளி போட்ட ஓர் அட்டையையும், காசு வந்தால் சத்தம் போட்டுச் சொல்லும் சின்னப் பெட்டியையும் வாங்கி வந்தார். மாச வாடகை நூறு ரூபாய். பெட்டியைக் கடை முகப்பில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சத்தத்தை முழுக்கத் திருப்பி விட்டார். எட்டாம் நம்பர் மட்டுமல்ல, இருபதாம் நம்பர் வரைக்கும் கேட்க வேண்டும்.

கேட்டது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எட்டேகால் மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கினாள்.

"ஐந்து ரூபாய் பெறப்பட்டது," என்றது பெட்டி, கோயில் திருவிழா மைக் மாதிரி.

சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பன்னிரண்டாம் நம்பரில் கீரை விற்ற சிந்தாமணி, "தர்மண்ணனுக்கு அஞ்சு ரூவா வந்துருச்சாம்," என்று பதின்மூன்றாம் நம்பருக்குச் சொன்னாள்.

அரை மணி நேரம் அமைதி. பிறகு, "மூன்று ரூபாய் பெறப்பட்டது."

யாரோ சிரித்தார்கள். அதற்கப்புறம் பெட்டிக்குப் பயந்தே அவர் கடைப்பக்கம் ஆள் வரவில்லை. வந்து நின்ற ஒரு பெரியவரும், "நான் வாங்குறது கால் கிலோதான்யா, அத ஊருக்கெல்லாம் சொல்லணுமா," என்று நகர்ந்துவிட்டார். சத்தத்தைக் குறைக்கலாம் என்று தர்மன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொத்தான் கையோடு வந்துவிட்டது.

எட்டாம் நம்பர் பெட்டி எதுவும் பேசவில்லை. எட்டாம் நம்பரில் பெட்டியே இல்லை. அங்கே இருபத்திரண்டு பேர் நின்றார்கள்.

"கொசுறு," என்றார் தர்மன் அன்று மத்தியானம், சோற்றில் கையை வைத்தபடி.

"கொசுறு என்ன?"

"ஜனங்களுக்குக் கொசுறுதான் முக்கியம். நூறு ரூவாய்க்கு வாங்கிட்டு ரெண்டு கறிவேப்பிலைக்கு அரை மணி நேரம் சண்ட போடுற ஜாதி இது. நாம கேக்காமயே குடுப்போம். கறிவேப்பிலை, மல்லித்தழை. எங்கேயாவது கொண்டா."

"நம்ம கொல்லையில வெங்காயமும் கத்திரியும் ஒரு எலுமிச்சை மரமும்தான் இருக்கு. மல்லிக்கு நான் எங்க போவேன்? காசு குடுங்க."

"கொசுறுக்குக் காசு போட்டு வாங்குனா அப்புறம் அது என்னடி கொசுறு? எங்கயாச்சும் பொரட்டு. ரஞ்சன்குடியில உன் தம்பி கெணத்தடியில போட்டிருக்கான்ல."

வெற்றிச்செல்வி கொஞ்ச நேரம் யோசித்தாள். குழம்புச் சட்டியை வழித்து அவர் இலையில் ஊற்றினாள்.

"சரி, கொண்டாரேன். எங்க, எப்படின்னு நீங்க கேக்கக் கூடாது."

"நான் ஏன் கேக்கறேன்?"

நாலாவது ஞாயிறு விடியற்காலையில் எங்கோ போய்விட்டு ஒரு சாக்கு நிறையக் கறிவேப்பிலையும் மல்லித்தழையும் புதினாவுமாக வந்தாள். பனி ஈரம்கூடக் காயவில்லை. தர்மன் ஒரு கட்டை முகர்ந்து பார்த்தார்.

"அடடா. இதுல்ல மல்லி. அந்த ராசாங்கம் விக்கறானே, அது வைக்கோலு."

"ஆமாமா," என்றாள் வெற்றிச்செல்வி.

கொசுறு வேலை செய்தது. கூட்டம் வந்தது. வந்தவர்கள் எல்லாரும் கால் கிலோ வெங்காயம் வாங்கி, கை நிறைய மல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் நூறு கிராம் வெங்காயம் வாங்கிக் கை நிறைய மல்லி கேட்டார்கள். அதற்கடுத்த வாரம் ஒரு அம்மா ஒரே ஒரு கத்திரிக்காயை எடுத்துத் தராசில் வைத்தாள்.

"நான்கு ரூபாய் பெறப்பட்டது," என்றது பெட்டி.

"ரெண்டு புதினாவும் சேத்துப் போடுங்கண்ணே. வூட்டுல விருந்தாளி," என்றாள் அவள்.

இருந்தும் தர்மனுக்குச் சந்தோஷம்தான். காசு வராவிட்டால் என்ன, ஆள் வருகிறதே. ஆனால் எட்டாம் நம்பரில் ஒரு தலைகூடக் குறையவில்லை. அங்கே நிற்கிறவர்கள் யாரும் இங்கே வரவில்லை. இவர் மல்லிக்கட்டை மயில்தோகை மாதிரி விரித்து ஆட்டிக் காட்டினாலும் ஒருவரும் கால் பெயர்க்கவில்லை. பார்த்தார்கள், திரும்பி ராசாங்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்படி ஒரு பார்வை. பொண்ணு பார்க்க வந்தவர்கள் மாதிரி கண்ணை எடுக்காத பார்வை.

அந்தப் பார்வைதான் தர்மனால் தாங்க முடியவில்லை. அவர் வெங்காயத்தை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை. அவரையே ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை.

ஏழாவது ஞாயிறு கடை கட்டும் நேரத்தில் ராசாங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, அந்த மோட்டார் காசு விஷயமா ஒரு வார்த்தை."

தர்மன் காலிச் சாக்கை உதறினார். "அதுக்கு என்னடா இப்ப?"

"இல்லண்ணே. அது இப்ப பாதிக்கு மேல..."

"போதும்," என்றார் தர்மன் அவசரமாக. பாதிக்கு மேல் சேர்த்துவிட்டான். ஏழே வாரம். "பாதியும் வேணாம், முழுசும் வேணாம். நான் கேட்டனா உன்கிட்ட? இனிமே அந்தக் காசப் பத்தி என்கிட்ட நீ வாயத் தொறக்கக் கூடாது."

ராசாங்கத்தின் கண் கலங்கிவிட்டது. "உங்க மனசு யாருக்கு வரும்ணே."

"வராது," என்றார் தர்மன். அது உண்மைதான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கணக்குப் போட்டார். பாதிக்கு மேல் என்றால் மிச்சம் பாதிக்குக் கீழ். இன்னும் மூன்று வாரம் விட்டால் முழுசாய்க் கொண்டுவந்துவிடுவான். சைக்கிளை நிறுத்தி, பின்னால் வந்த வெற்றிச்செல்வியிடம் சொன்னார்:

"அடுத்த வாரத்துலேருந்து கொசுறுக்குத் தக்காளி. முருங்கைக்காயும் கெடச்சாப் பாரு. மல்லி ரெண்டு மூட்டையாக் கொண்டா."

"ரெண்டு மூட்டையா?"

"மூணா இருந்தாலும் சரி. அவன ஒழிச்சுக் கட்டாம வுடக் கூடாது."

"நீங்க சொன்னாச் சரி," என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் அவர் பேச்சைக் கேட்டது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. தர்மன் அதைக் கவனித்திருக்கலாம். அவர் மனசு முழுக்க எட்டாம் நம்பரில் இருந்தது.

எட்டாவது ஞாயிறு கவிதா மேடம் மேற்பார்வைக்கு வந்தார். தர்மன் ஓடிப் போய்க் கும்பிட்டார்.

"மேடம், ஒரு புகாருங்க. எட்டாம் நம்பர் கூட்டம் நடைபாதைய அடைச்சுக்கிட்டு நிக்குது. மத்த கடைக்குப் போறவங்க போவ முடியல. பொது நலத்துக்காகச் சொல்றேன்."

மேடம் வந்து பார்த்தார். வரிசை நேராக நடைபாதையில் நீண்டு, கடைசி ஆள் டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றார்.

"உண்மைதான். நல்ல வேளை சொன்னீங்க," என்றார். பிறகு தர்மனின் கடையைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். "உங்க கார்டுல வெங்காயம், கத்திரிக்காய், கொஞ்சம் எலுமிச்சைன்னுதான எழுதியிருக்கோம். இவ்ளோ தக்காளி, புதினா, முருங்கை ஏது? வெளியில வாங்கி விக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"விக்கலீங்க மேடம். சும்மா குடுக்கறேன்."

"சும்மாவா?"

"கொசுறுங்க."

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கத்திரிக்காயும் அதன் பக்கத்தில் கொசுறாக ஆறு தக்காளியும் காகிதத்தில் கிடந்தன.

"இது எந்தப் பக்கம் கொசுறு?" என்றார்.

"எட்டு ரூபாய் பெறப்பட்டது," என்றது பெட்டி.

விற்காத பொருளுக்கு விதி எதுவும் இல்லாததால் மேடம் விட்டுவிட்டார். ஆனால் வரிசைக்கு உடனே ஏற்பாடு செய்தார். நடைபாதையை அடைக்காமல் வரிசையைப் பக்கவாட்டில் திருப்பி, கடைகளை ஒட்டி நிற்கச் சொன்னார். பக்கவாட்டில் இருந்தது ஏழாம் நம்பர்.

அன்றிலிருந்து ராசாங்கத்தின் வரிசை தர்மனின் கடைக்கு முன்னால் திரை கட்டிய மாதிரி நின்றது. அவருக்குச் சந்தை தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. நின்று கால் வலித்தவர்கள் அவர் மேஜையில் சாய்ந்துகொண்டார்கள். ஒருவர் பொழுதுபோகாமல் தக்காளியை எடுத்துக் கடித்தார்.

"அது கொசுறுங்க," என்றார் தர்மன்.

"சும்மாதான குடுக்கறீங்க," என்றார் அவர், இன்னொன்றை எடுத்துக்கொண்டு.

ஒன்பதாவது ஞாயிறு முழுவதும் தர்மன் முதுகுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு. பத்தாவது ஞாயிறு காலை வரும்போதே முகம் கறுத்திருந்தது. ஏழு மணிக்கு முதுகுகள் வந்து நின்றன. ஏழரைக்கு அவர் காய்க்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினார்.

"எறங்குங்க," என்றாள் வெற்றிச்செல்வி.

அவர் கேட்கவில்லை. "அம்மா, அய்யா, எல்லாரும் இங்க பாருங்க. பக்கத்துல வெங்காயம் கிலோ நாப்பது. இங்க முப்பது."

ஒருவரும் திரும்பவில்லை.

"இருவது."

முன்னால் நின்ற டிராக்டர்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் பார்த்தார்.

"பத்து," என்றார் தர்மன். "சரி, போவட்டும். சும்மாவே தரேன். காசே வேணாம். இந்த வரிசைய வுட்டு வாங்க, ஆளுக்கு ஒரு கிலோ."

அப்படியும் யாரும் வரவில்லை. வரிசையின் நடுவில் நின்றது இருசம்மாள். ஊருக்கெல்லாம் களையெடுக்கப் போகிற அம்மா. தர்மன் கொல்லைக்கும் வந்தவள்தான், சின்ன வயசில் அவரை இடுப்பில் தூக்கி வைத்திருந்தவள். அவள்தான் கடைசியில் பொறுக்க மாட்டாமல் திரும்பினாள்.

"ஏண்டா தர்மா, உனக்கு என்ன கேடு வந்துச்சு? எடத்த வுட்டு நவுந்தா அப்புறம் கடைசியிலேருந்து நிக்கணும்டா."

"நான் சும்மா தரேங்கறேன் ஆயா. சும்மா."

"உன்கிட்ட சும்மா வாங்கினா, அவன் எனக்குத் தர வேண்டிய களையெடுப்புக் கூலி ஆயிரத்து எரநூறு கழியுமா?"

தர்மன் கூடை மேலேயே நின்றார். "கழியறதா?"

"பின்ன, இங்க நிக்கறவன்லாம் ஏவாரத்துக்கா நிக்கறான்? இங்க ஒருத்தனும் வாங்க வந்தவன் இல்ல. எல்லாம் குடுத்தவன். பாரு, டிராக்டர்காரருக்கு உழவுக் கூலி. அந்தச் செவப்புச் சட்டை உரக்கடை. அவரு போர் வண்டி ஏஜெண்டு. பெறவு நாங்க களையெடுத்த ஏழு பேரு. மூணு எடத்துல போர் போட்டான், மூணுலயும் புகைதான் வந்துச்சு. ஊரு பூரா கடன். கையில காசு இல்ல, பழைய கெணத்துல ஊர்ற தண்ணியில வெளையறது இருக்கு, வாராவாரம் காயா எடுத்துக் கழிச்சுக்குங்கன்னு கையெடுத்துக் கும்புட்டான். நோட்டுல எழுதிக் கழிக்கறான். பத்து வாரமா அவன் ஒத்தப் பைசா கண்ணால பாக்கல."

தர்மன் கூடையை விட்டு இறங்கினார். மெதுவாக இறங்கினார், பல்லக்கிலிருந்து இறங்குகிற மாதிரி. நெஞ்சுக்குள் யாரோ ஒரு சொம்பு மோரை ஊற்றினாற்போல் இருந்தது. பத்து வாரமாக அறுத்துக்கொண்டிருந்த அரம் சட்டென்று நின்றுபோனது. பதினேழு, இருபத்திரண்டு, இருபத்தாறு, அத்தனை பேரும் கடன் கொடுத்தவர்கள். ராசாங்கம் ஒரு ரூபாய்க்குக்கூட வியாபாரம் செய்யவில்லை. இவர் பெட்டியாவது வாரத்துக்கு நாலு தடவை பேசியது.

அவருக்கு ராசாங்கத்தின் மேல் திடீரென்று பிரியம் பொங்கியது. பாவம், தம்பி. எப்படிக் கறுத்துப்போய்விட்டான். தராசில் ஒட்டிய மண்ணைத் துடைத்துவிடலாம் போலிருந்தது. முகத்தை உள்ளங்கையால் வழித்துக்கொண்டு, தோள்துண்டைச் சரி செய்தார். வரிசையை விலக்கி எட்டாம் நம்பர் முன்னால் போய் நின்றார்.

ராசாங்கம் இந்தத் தடவை எழுந்துவிட்டான். தராசைக்கூடக் கீழே வைத்துவிட்டான். தர்மனுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆனாலும் சந்தை முழுக்கக் கேட்க இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி எப்போது வரும்?

"ராசாங்கம்," என்றார், தொண்டையைச் செருமி. "எல்லாம் கேள்விப்பட்டேன். நீ இப்படிச் செரமப்படுறது எனக்குத் தெரியாமப் போச்சு."

"அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க. தனியாப் பேசுவோம்."

"தனியா என்னடா இருக்கு? எல்லாருக்கும் தெரியட்டும். கடன் பட்டது ஒண்ணும் கேவலம் இல்ல." அவர் வரிசையைப் பார்த்துத் திரும்பினார். கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "இவன் எனக்கும் தரணும். மூவாயிரத்து அறுநூத்தி நாப்பது. நான் என்னைக்காச்சும் கேட்டிருக்கனா? உங்கள மாதிரி பையத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னனா? நிக்க மாட்டேன். குடுத்தவன்னா பொறுமை வேணும்."

"அண்ணே, சொன்னாக் கேளுங்க," என்றான் ராசாங்கம். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

"நீ சும்மா இரு. ஏ மலர்க்கொடி, அந்த நோட்டுல எல்லாருக்கும் கீழ, கடைசியா என் பேரையும் எழுதிக்கம்மா. மூவாயிரத்து அறுநூத்தி நாப்பதுன்னு எழுது. இவங்க அத்தன பேருக்கும் குடுத்து முடிச்சப்புறம் எனக்குக் குடுத்தாப் போதும். வருஷக் கணக்கு ஆனாலும் சரி. நான் அவசரப்பட மாட்டேன்."

ஏழாம் நம்பர் கடையில் வெற்றிச்செல்வி குனிந்து, வெங்காயத்தில் தாளை ஒவ்வொன்றாய்க் கிள்ளத் தொடங்கியிருந்தாள். ஏற்கெனவே கிள்ளிய வெங்காயம்.

மலர்க்கொடி நோட்டைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினாள். முதல் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தி, விரலை வைத்து ஒரு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்:

"உங்க பேருதான் மாமா மொதல்ல எழுதினது, அது போன வாரத்தோட கழிஞ்சுருச்சு, அக்கா வாராவாரம் வெடியக்காலம் எங்க கொல்லைக்கு வந்து கொசுறுக்குன்னு மூட்டை மூட்டையா எடுத்துட்டுப் போனாங்கல்ல, அதுலயே தீந்துபோச்சு, இன்னைக்கு எடுத்த தக்காளிக்குத்தான் நீங்க எங்களுக்கு எம்பது ரூவா தரணும், அதையும் இவரு, அண்ணன் பாவம் ஏவாரமில்லாம ஒக்காந்திருக்காரு, விட்டுடுன்னு சொல்லிட்டாரு."